ஆறாம் வகுப்பின் வாசலில்: நீலகிரியில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு உளவியல் சிகிச்சை, பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலையில் குன்னூர்ப் பேருந்தில் ஏறியதும் வாந்தி எடுக்கும் பிள்ளை, அதே சாலையில் சனிக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே போகிறது என்றால், வாந்திக்குக் காரணம் கொண்டை ஊசி வளைவு அல்ல. இந்த வேறுபாட்டைத் தானாகவே கவனித்துவிட்டு வரும் தாயைப் பார்த்தால், சிகிச்சையில் கணிசமான பகுதி ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். இம்மாவட்டத்தில் பிள்ளைகளுக்கான ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) பணிபுரியும் எனக்கு ஒரு விஷயத்தில் ஐயமில்லை. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓர் அறைக்குள் நடப்பது ஒரு பாதிதான். அந்த அறைக்கு வருவதற்கு முன்பும் அங்கிருந்து வீடு திரும்பிய பின்பும் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது மறுபாதி. இந்த வழிகாட்டி அந்த இரண்டு பாதிகளையும் வரிசையாகச் சொல்கிறது.

இந்த வயதில் நடப்பது என்ன

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குவது இயல்பு. அதற்கு முன்பே தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண் பிள்ளைகளில் மார்பு வளர்ச்சி தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்தான் பெரும்பாலும் முதல் மாதவிடாய் வருகிறது. ஆனால் குடும்பத்தினர் கவனிக்கத் தொடங்குவது அந்த இறுதிக் கட்டத்தைத்தான், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பிள்ளை தனியாகவே கடந்திருக்கும். மூளையில் உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதிகள் இக்காலத்தில் வேகமெடுக்கின்றன. நிதானித்து யோசிக்க உதவும் முன்மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. ஆகவே ஒரு சிறு கேலிக்குக் கதவை அறைந்து சாத்தும் பதினொரு வயதுப் பிள்ளை நடிக்கவில்லை.

உடல் மாறும் அதே ஆண்டில் மலையில் இடமும் மாறுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை எஸ்டேட் பள்ளியிலோ ஹட்டி எனப்படும் படகர் ஊருக்குப் பக்கத்திலுள்ள தொடக்கப் பள்ளியிலோ இருபது பேரோடு படித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளியில் சேர்ந்து, நாற்பது புதுமுகங்களுக்கு நடுவே உட்கார்கிறது. சில பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளி விடுதிக்குப் போய்விடுகின்றன. வீட்டில் படகர் மொழி, பள்ளியில் தமிழ், பாடப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று ஒரே நாளில் மூன்று மொழிகளுக்குள் மாறி மாறி இயங்கும் பிள்ளைகளும் இங்கே உண்டு. உலக அளவில் மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருவதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது என்பது விளங்கும்.

முதல் படி: உடம்பைப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது

வயிற்று வலி, தலைவலி, சோர்வு ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தசோகை, பார்வைக் குறைபாடு, தைராய்டுக் கோளாறு ஆகிய மூன்றுமே “படிப்பில் கவனம் இல்லை” என்ற புகாராக வெளிப்படக்கூடியவை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளின் பணியர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிச் சமூகங்களில், கைகால் வலியை உண்டாக்கும் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் இரத்தசோகை கூடுதலாகக் காணப்படுவதால், அச்சமூகப் பிள்ளை அடிக்கடி கைகால் வலி என்று சொன்னால் இரத்தப் பரிசோதனைக்கு முன்பாக யாரும் அதை மனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உடம்பு நலமாக இருக்கிறது என்று தெரிந்த பின் “ஒண்ணுமில்லையாம், சும்மா சொல்றே” என்று பிள்ளையிடம் சொல்வதும் தவறு, ஏனென்றால் பயத்தால் வரும் வயிற்று வலியும் உண்மையாகவே வலிக்கும்.

அடுத்து இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாள், நேரம், என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதற்குப் பின் என்ன நடந்தது என்ற ஐந்து கட்டங்கள் போதும். ஐந்தாவது கட்டத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். வயிறு வலிக்கிறது என்றதும் பள்ளிக்கு விடுப்பு, பத்து மணிக்குள் வலி நின்றுவிட்டது, மறுநாள் வலி இன்னும் சீக்கிரமாக வந்தது என்று இருந்தால், பயத்தைத் தவிர்த்ததால் கிடைத்த நிம்மதியே அடுத்த நாள் பயத்துக்குத் தீனியாகிவிட்டது என்று புரியும். தூக்கமும் சாப்பாடும், பள்ளி, நட்பு ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு இடங்களில் இரண்டு வாரங்களுக்கு மேல் பாதிப்பு நீடித்தால் உதவி தேடத் தயங்க வேண்டாம்.

இரண்டாம் படி: யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, மருந்து எழுதும் தகுதி பெற்றவர். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் செய்பவர். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் அவருக்கு இருக்க வேண்டும், அதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ஆற்றுப்படுத்துநர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு: ஆறு என்றால் வழி, பரிசில் பெற்று வந்தவன் எதிரே வருபவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. வழியைக் காட்டலாம், நடக்க வேண்டியவர் வேறொருவர் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

உதகையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் குறித்த நாட்களில் செல்லும் என்பதால், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் மருத்துவமனைகளில் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சமாகும். கூடலூரிலிருந்து உதகை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; ஏப்ரல், மே சீசனில் அந்தப் பயணம் எவ்வளவு நேரமெடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம், அங்கிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி மொழியைப் பற்றியது. உங்கள் பிள்ளை எந்த மொழியில் தம்பியோடு சண்டை போடுகிறதோ அந்த மொழியில் பேசத் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அந்த மொழிச் சொற்களைப் பிள்ளை தாராளமாகக் கலந்து பேச இடம் கொடுப்பவராக இருக்க வேண்டும். முதல் நாளிலேயே உங்கள் முன் பிள்ளையைக் கண்டிப்பவரும், ஒரே சந்திப்பில் குணமாக்கித் தருகிறேன் என்பவரும், பெற்றோரைச் சந்திக்கவே மறுப்பவரும் இந்த வயதுக்கு ஏற்றவர்கள் அல்லர். கோயிலுக்குப் போய் மந்திரித்துக் கயிறு கட்ட விரும்பும் பாட்டியைத் தடுக்க வேண்டியதில்லை. பிள்ளையை அடிப்பதோ பட்டினி போடுவதோ அதில் சேராதவரை, கயிறும் சிகிச்சையும் ஒரே கையில் இருக்கலாம்.

மூன்றாம் படி: பிள்ளையிடம் சொல்வது

ஷூ வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்து வரப்பட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களின் நம்பிக்கையைப் பெற இரண்டு மூன்று சந்திப்புகள் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவும் அந்த ஷூவின் விலை. புறப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்பாக, முகத்துக்கு நேராக உட்கார வைத்துப் பேசாமல், பட்டாணி உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ சொல்லுங்கள்: “கொஞ்ச நாளா காலையில உனக்கு வயிறு வலிக்குது, ஏன்னு எனக்கும் புரியல. இந்த மாதிரி விஷயத்தைப் பிள்ளைங்களோட சேர்ந்து யோசிக்கிறதுக்குன்னே ஒரு அக்கா இருக்காங்க. ஊசி கிடையாது. பேசணும்னா பேசு, இல்லாட்டி படம் வரை.” இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்து லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) கேட்டால் “டாக்டரைப் பார்க்கப் போறோம்” என்று சொல்லலாம், அது பொய்யல்ல.

நான்காம் படி: முதல் சந்திப்பும் இரகசிய ஒப்பந்தமும்

பெற்றோருடன் சிறிது நேரம், பிள்ளையுடன் தனியாக, பிறகு எல்லோரும் சேர்ந்து என்பதே வழக்கமான வரிசை. பிறப்பு, நோய்கள், குடும்பத்தில் அண்மையில் நடந்த மரணம், கடன், குடிப்பழக்கம், சண்டை எல்லாவற்றையும் கேட்பார்கள். மறைத்தால் சிகிச்சை தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கும்.

இரகசியம் பற்றிய பேச்சு அன்றே முடிந்துவிட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சை பெறுபவரின் தகவல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதே நேரத்தில் சிறாருக்காக முடிவெடுக்கும் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே நாங்கள் பிள்ளையின் முன்னிலையிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறோம்: வகுப்பில் யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, அம்மா மீது என்ன கோபம் என்பதெல்லாம் அறைக்குள்ளேயே இருக்கும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், யாராவது தொல்லை கொடுப்பது, பிறருக்கு ஆபத்து ஆகியவை வெளியே சொல்லப்படும். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

ஐந்தாம் படி: அறைக்குள் நடப்பவை

இந்த வயதுக்குப் பேச்சு மட்டும் போதாது, விளையாட்டு மட்டுமாக இருந்தால் “நான் என்ன சின்னப் பாப்பாவா” என்ற கேள்வி வரும். எனவே இரண்டும் கலந்திருக்கும். முதல் சில வாரங்கள் உணர்ச்சிகளுக்குப் பெயர் வைப்பதில் போகும். எல்லாவற்றையும் “கோபம்” என்ற ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கும் பையன், அதற்குள் வெட்கம், ஏக்கம், பொறாமை, ஏமாற்றம் என்று தனித்தனியாக இருப்பதைக் கண்டுகொள்ளும்போது கத்துவது ஓரளவு தானாகவே குறைகிறது. பயத்தைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணால் சொல்லப் பழக்குவோம். உடலின் படத்தை வரைந்து பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வண்ணம் தீட்டச் சொல்வோம். மெதுவாக மூச்சு விடுவதையும் அங்கேயே பழகிக்கொள்வார்கள்.

பதற்றத்துக்குப் பயன்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (CBT) நடுநாயகமான கருவி பய ஏணி, அதாவது பயப்படுத்தும் செயல்களைக் குறைந்த பயத்திலிருந்து கூடிய பயம் வரை படிகளாக அடுக்கி ஒவ்வொன்றாக ஏறுவது. பல பிள்ளைகளின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு மாதிரியை இங்கே தருகிறேன். எஸ்டேட் பள்ளியிலிருந்து டவுன் பள்ளிக்கு மாறிய, ஒரு மாதமாக வகுப்புக்குப் போகாத ஆறாம் வகுப்புச் சிறுமி என்று வைத்துக்கொள்வோம். அவளே எண் போட்டாள். ஞாயிறு மாலை பையை அடுக்கிக் கதவோரம் மாட்டுவதற்கு இரண்டு. அம்மாவோடு பஸ் நிறுத்தத்தில் நின்று, பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்புவதற்கு மூன்று. பள்ளி வாசல் வரை போவதற்கு நான்கு. கடைசிப் பாடவேளை மட்டும் உட்காருவதற்கு ஐந்து. காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்புவதற்கும் அதே ஐந்து. சாப்பாட்டு மணிக்கோ ஒன்பது. அந்த ஒன்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: கணக்கும் ஆங்கிலமும் அவளைப் பயமுறுத்தவில்லை, டிபன் பாக்ஸைத் திறக்க யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாத அந்த நாற்பது நிமிடங்கள்தான் பயமுறுத்தின. வகுப்பு டீச்சர் ஒரு தோழியைச் சாப்பாட்டுக்குச் சேர்த்துவிட்டதில் ஒன்பது ஆறாக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் பயம் உச்சிக்குப் போய்த் தானாகவே தணியும் வரை நிற்பதுதான் இதன் சூட்சுமம். பாதியில் ஓடிவந்தால் பயம் வளரும், இரண்டு படிகளைத் தாவினாலும் வளரும்.

இங்கே மலைக்கே உரிய ஓர் எச்சரிக்கை தேவை. விடிந்தும் விடியாத மூடுபனியில் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடக்கப் பயப்படும் பிள்ளையின் பயம் கோளாறல்ல. கரடியும் காட்டெருமையும் அந்தப் பாதையில் உண்மையாகவே நிற்கின்றன. சமவெளியிலிருந்து வந்த ஆலோசகர் இதை ஏணியில் ஒரு படியாக எழுதிவிட்டால் நீங்கள்தான் தடுக்க வேண்டும். பெரியவர் ஒருவரோடு கூட்டமாகப் போவது, நேரத்தை மாற்றுவது என்ற ஏற்பாடுகள் முதலில் வர வேண்டும். அதற்குப் பிறகும் பகலில் பள்ளி மைதானத்தில்கூட நடுங்கினால், அந்த மீதிப் பயமே சிகிச்சைக்கு உரியது.

நட்பு முறிவு, கேலி, ஒதுக்கிவைத்தல் ஆகியவற்றுக்கு நடித்துப் பார்த்தல் உதவும். கேலி செய்பவராக நான், பதில் சொல்பவராகப் பிள்ளை, பிறகு இடம் மாறுவோம். என்ன சொல்வது என்பதைவிட, சொல்லிவிட்டு எந்தப் பக்கம் நடப்பது என்பதைத்தான் அதிகமாகப் பழகுவோம். ஆனால் தொடர்ந்து நடக்கும் கொடுமையைப் பிள்ளை தன் சாமர்த்தியத்தால் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம், அது பெரியவர்கள் தலையிட வேண்டிய இடம்.

பூப்பு நீராட்டு விழாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனக்கு நடந்ததைச் சாலையோர பிளக்ஸில் பார்த்து, வகுப்புப் பையன்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துச் சிரித்ததையும் கேட்டுவிட்டு, அதன் பின் பள்ளிக்கே போக மறுத்த சிறுமிகள் உண்டு. சடங்கை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதில்லை. தாயையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து, யாரை அழைப்பது, படம் வேண்டுமா, பிளக்ஸ் வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கு மகளே பதில் சொல்லும்படி பார்த்துக்கொள்வேன். பெரும்பாலான சிறுமிகள் புதுப் பட்டுடையை விரும்புகிறார்கள், பிளக்ஸை விரும்புவதில்லை.

மிதமான பதற்றத்துக்குப் பொதுவாக 8 முதல் 16 சந்திப்புகள் தேவைப்படும். மூன்றாவது நான்காவது வாரத்தில் பிள்ளை முன்பைவிட எரிச்சலாக இருப்பது இயல்பு. மனநல மருத்துவர் மருந்து எழுதினால் அவரைக் கேட்காமல் இடையில் நிறுத்தக் கூடாது.

ஆறாம் படி: வீடு திரும்பும் பயணம்

நான் இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். சந்திப்பு முடிந்து, உதகையிலோ குன்னூரிலோ பஸ் ஏறி உட்கார்ந்ததும், “என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே? என்னைப் பத்திச் சொன்னியா?” என்று தொடங்கும் விசாரணை, அறைக்குள் சேர்ந்ததை முதல் வளைவு திரும்புவதற்குள் கொட்டிவிடும். கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்து, “பசிக்குதா?” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிராத மலைப் பேருந்தின் இருக்கையில், பாதி வழியில் பிள்ளை தானாகவே ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கும். அப்போது அறிவுரை வேண்டாம், “ம்ம், அப்புறம்?” என்பது போதும். அது ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிட்டாலும் பயணம் வீணாகவில்லை.

வீட்டில் தினமும் பத்து நிமிடம், போனும் பாடமும் இல்லாமல், பிள்ளை சொல்லும் வேலையை நீங்கள் செய்வதாக ஒதுக்குங்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பைப் பார்க்கும் தாய்க்குப் பத்து நிமிடம் என்பது சிறியதல்ல என்பதை அறிவேன். வாரத்துக்கு நான்கு நாள் முடிந்தாலும் நல்லது. ஏணியில் ஒரு படி ஏறிய அன்று பாராட்டுங்கள், சறுக்கிய அன்று அத்தை மகளை உதாரணம் காட்டாதீர்கள்.

மழையில் மண்சரிந்து சாலை அடைபட்டால் தொலைபேசியில் சந்திப்பு நடத்தலாம். லைன் வீட்டின் சுவர்களுக்குக் காது உண்டு என்பதால், பிள்ளை வெறும் எண்களில் பதில் சொல்லும்படி முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வோம். “இன்னைக்குச் சாப்பாட்டு மணி எப்படி?” “ஆறு.” பக்கத்தில் இருப்பவருக்கு அது கணக்குப் பாடமாகத்தான் கேட்கும்.

ஏழாம் படி: பள்ளியோடு பேசுவது

தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் ஆகிய இருவருக்கு மட்டும், பிள்ளையின் சம்மதத்தோடு, தேவையான அளவு சொன்னால் போதும். நோயின் பெயரைவிட வேண்டுகோளைச் சொல்வதே பயன் தரும்: மூச்சு முட்டினால் ஐந்து நிமிடம் வெளியே நிற்க அனுமதி, சத்தமாகப் படிக்கச் சொல்வதை ஒரு மாதம் தள்ளிவைத்தல், விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள் குறித்த நேரத்தில் வீட்டோடு பேச ஏற்பாடு. விடுதிப் பிள்ளையை முதல் மாதம் பார்க்கவே கூடாது என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. முறையாக, சொன்ன நேரத்துக்கு வரும் அழைப்பு பிள்ளையை நிலைப்படுத்தும் என்பதே என் கருத்து.

காத்திருக்கக் கூடாத நேரம்

சாவதைப் பற்றிப் பேசுதல், கைகளில் காயங்கள், பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், பல நாட்கள் உண்ணாமை, திடீரென எல்லோரிடமிருந்தும் ஒதுங்குதல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள், தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளையும் வீட்டு மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். “செத்துப் போகணும்னு தோணுதா?” என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, கேட்டால் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

எட்டாம் படி: நிறுத்துவது

அறிகுறிகள் குறைந்ததும் சந்திப்புகளை வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவும் பிறகு மாதத்துக்கு ஒன்றாகவும் தள்ளிவைக்க வேண்டும். கடைசிச் சந்திப்பில் பழைய ஏணியை எடுத்து வைத்து, ஒவ்வொரு படிக்கும் இப்போது என்ன எண் என்று பிள்ளையே புதிதாக எழுதும். அந்தத் தாளை ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் மடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நீண்ட மழை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாளிலும், ஏழாம் வகுப்புத் தொடங்கும் ஜூன் மாதத்திலும் பழைய வயிற்று வலி ஓரிரு நாட்கள் எட்டிப் பார்க்கும் என்பதை முன்பே சொல்லிவைத்துவிட்டு, மே மாதக் கடைசி வாரத்துக்கு ஒரு சந்திப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சீசன் நெரிசல் இருக்கும், முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது.